ஒரு பாட்டா, ஒரு நாமமா, ஒரு மூச்சா? லயத்து நாளுக்குப் பொருந்தும் சாதனை எது

மனம் தளர்ந்துபோன ஒருவரிடம் "தியானம் பண்ணுங்க" என்று சொல்வது லேசு. எங்கே உட்கார்வது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்வதில்லை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவிலோ பூண்டுலோயாவிலோ, ஒரு லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) காலை நாலரைக்கு எழும்பும் பெண்ணுக்கு முதல் வேலை பீலியில் தண்ணி பிடிப்பது. அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவுக்கும் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பெரியதைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆயத்தப்படுத்திவிட்டு அவள் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு) வந்து நிற்கும்போதே இரண்டு மணி நேர வேலை முடிந்திருக்கும். அந்த நாளுக்குள் எந்தச் சாதனை, அதாவது ஆன்மிகப் பயிற்சி, நுழையும், எது நுழையாது, எது நுழைந்தாலும் கெடுதல் செய்யும் என்று பார்க்காமல் "கீதை படி", "பிராணாயாமம் செய்" என்றால், மூன்றாம் நாள் விட்டுவிட்டு "எனக்கு பக்தி போதாது" என்று தன்னையே நொந்துகொள்வதுதான் மிஞ்சும்.

தெரிவு செய்ய நம் மரபே இடம் தந்திருக்கிறது. பதஞ்சலியின் யோகசூத்திரத்தில், முதல் பாதத்தில், 34 முதல் 39 வரை ஆறு சூத்திரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆறிலும் "வா" என்ற சொல் இருக்கிறது. வடமொழியில் "வா" என்றால் "அல்லது". மூச்சை வெளியே விட்டு நிறுத்துவதால் மனம் தெளியும். அல்லது ஒரு புலனுணர்வில் மனம் ஊன்றுவதால். அல்லது துயரமற்ற உள்ளொளியால். அல்லது பற்று நீங்கிய ஒருவரின் மனத்தை எண்ணுவதால். அல்லது கனவும் உறக்கமும் தரும் அறிவைப் பற்றிக்கொள்வதால். அல்லது உனக்கு எது இசைகிறதோ அதைத் தியானிப்பதால். இத்தனை "அல்லது"களுக்கு முன்னால், 32ஆம் சூத்திரத்தில், ஒரு நிபந்தனையும் இருக்கிறது: ஏக தத்துவ அப்பியாசம். ஒன்றைப் பிடி, அதையே பழகு. எதைப் பிடிப்பது என்பதில் சுதந்திரம் உண்டு. பிடித்த பிறகு மாற்றிக்கொண்டே இருப்பதில் சுதந்திரம் இல்லை.

மலையகத்தில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. தை மாதம் ஒன்று, ஆடியில் ஒன்று, போனில் யாரோ ஒருவரின் பேச்சைக் கேட்டு இன்னொன்று. ஆறு குழி தோண்டி ஆறும் இரண்டடி ஆழம் என்றால் தண்ணி வராது. ஆகவே கீழே வரும் வழிகளைப் படித்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், ஹட்டன், பண்டாரவளை, பதுளை போன்ற டவுன்களில் கடையிலும் ஆபீசிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும் முதல் வழி ஓதுதல். இரண்டாவது நாமஜபம். மூச்சுப் பயிற்சி மூன்றாவது. "நான் யார்" என்ற விசாரணை மிக உயர்ந்தது, ஆனால் மனம் உடைந்திருக்கும் காலத்தில் அதில் தொடங்கக் கூடாது. விரதமும் கர்மயோகமும் தனி ரகம். அவை மற்ற வழிகளுக்குத் துணையாக நிற்பவை.

ஓதுதல்

பாடிப் படிப்பதை ஏன் முதலில் வைக்கிறேன்? அதற்குத் தனி அறை வேண்டாம், அமைதி வேண்டாம். ஒரே காம்பராவில் (அறையில்) ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில், பக்கத்துக் காம்பராவின் ரேடியோ சுவர் தாண்டி வரும் இடத்தில், கண்ணை மூடி உட்கார்ந்து எண்ணத்தை நிறுத்து என்பது நடவாத காரியம். வாயைத் திறந்து பாடும்போது வெளிச்சத்தம் தானாகப் பின்னுக்குப் போகிறது. அதோடு நீண்ட அடியைப் பாடும்போது மூச்சு உள்ளே போவது குட்டையாகவும் வெளியே வருவது நீளமாகவும் அமைகிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். பிராணாயாமம் தரும் பலனில் ஒரு பங்கு, மூச்சைப் பற்றி நினைக்காமலே கிடைத்துவிடுகிறது.

எதை ஓதுவது? மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் முதலில் வரும் சிவபுராணத்தைத்தான் சொல்வேன். 95 அடி. நாளுக்கு இரண்டு அடி மனப்பாடம் செய்தால் 48ஆம் நாள் முழுவதும் நெஞ்சில் இருக்கும். ஒரு மண்டலத்துக்கு அளந்து வைத்த மாதிரி. நிதானமாகப் பாடினால் எட்டு அல்லது ஒன்பது நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் முடிகிறதென்றால் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அதன் அமைப்பைக் கவனித்தால் மனப்பாடம் சுலபமாகும். முதல் ஐந்து அடி "வாழ்க" என்று முடியும். அடுத்த ஐந்து "வெல்க". அதற்கடுத்த ஆறு "போற்றி". இந்தப் பதினாறு அடியும் முதல் எட்டு நாளில் வந்துவிடும். எட்டாம் நாள் வந்து நிற்கும் அடி "ஆராத இன்பம் அருளும் மலை போற்றி". நான்கு பக்கமும் மலையாகவே இருக்கும் ஊரில் அந்த அடியை ஒரு நாள் நின்று சொல்லிப் பாருங்கள். பிறகு வருகிற "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்ற பகுதியில்தான் பலர் வரிசை தவறுகிறார்கள். புல்லில் தொடங்கி தேவர் வரை பிறவிகள் அடுக்கிக்கொண்டு போவதால் நாக்கு தடுமாறும். அந்த இடத்துக்கு நாலு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

முறை இதுதான். காலையில் புது அடி இரண்டையும் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்ப்பது முதல் மூன்று தடவை மட்டும். பீலிக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் அதே இரண்டு அடி. இரவு விளக்கு வைத்த பிறகு, முதல் அடியில் இருந்து அன்று படித்த அடி வரை ஒரு தடவை பாட வேண்டும். இரவுப் பாட்டைத் தவறவிட்டால் பழைய அடிகள் கரையும். பாதியில் நிறுத்துகிறவர்களில் அதிகம் பேர் புது அடியில் தோற்பதில்லை, பழையதைத் திரும்பச் சொல்லாமல்தான் தோற்கிறார்கள்.

இன்னொரு தவறு பொருள் தெரியாமல் ஓதுவது. பாட்டே கடைசி அடிகளில் "சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்" என்றுதான் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வாரத்துப் பதினாலு அடிக்கும் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோயில் ஐயரோ, அறநெறிப் பாடசாலை ஆசிரியரோ, சைவம் படிப்பிக்கும் டீச்சரோ சொல்லித்தருவார்கள்.

இரவில் பயம் பிடிப்பவர்களுக்கும், செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற நினைப்பில் தூக்கம் கெட்டவர்களுக்கும் சிவபுராணத்தைவிடக் கந்தசஷ்டி கவசம் பொருந்தும். "காக்க காக்க" என்று முகம், கழுத்து, தோள், முதுகு, கால் என்று உடம்பின் ஒவ்வொரு பகுதியாக முருகனின் வேலால் காத்துக்கொண்டு போகிற பகுதி அதில் இருக்கிறது. அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, பேர் சொல்லும் உறுப்பை மனத்தால் தொட்டு, அதை இளக விட்டு ஓத வேண்டும். பயத்தில் இறுகிய உடம்பு ஒவ்வோர் அங்கமாகத் தளர்வது தெரியும். ரயில் வேகத்தில் ஓதினால் இது நடக்காது, மூச்சு வாங்குவதுதான் மிச்சம். கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட வேகத்தையே பிடித்துக்கொள்வதால் வரும் பழக்கம் இது.

அநியாயத்துக்கு முன்னால் குரல் எழாமல் போகிறவர்களுக்கு அப்பர் இருக்கிறார். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்" என்பது பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது பாடியதாக மரபு சொல்லும் பதிகம். "கற்றூணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" என்பது கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டபோது பாடியது. சூலை நோயில் துடித்துத் துடித்து வந்த ஒருவரின் வாக்கு என்பதால் அதில் ஒரு பிடிமானம் இருக்கிறது. வசதியாக உட்கார்ந்து எழுதிய ஆறுதல் அப்படிப் பிடிக்காது.

தனிமையில் வாடுகிறவர்கள், பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போன பிறகு காம்பராவில் தனித்திருக்கும் வயதானவர்கள், தனியாக ஓதுவதைவிடக் கூட்டத்தோடு ஓதுவது நல்லது. மார்கழி பஜனைக்குப் பல தோட்டங்களில் விடியலுக்கு முன்பே லயம் லயமாகப் பாடிக்கொண்டு வருவார்கள். திருவெம்பாவை இருபது பாட்டு, திருவாதிரையோடு முடியும் பத்து நாள். அந்தக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தாலே போதும். பாட்டு தெரியாதவர் தாளம் பிடிக்கலாம்.

நாமஜபம்

ஓதுவதற்கு எழுத்து தெரிய வேண்டும், அல்லது சொல்லித்தர ஆள் வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு ஜபம். "நமசிவாய", "சரவணபவ", "ஓம் நமோ நாராயணாய", வீட்டில் மாரியம்மன் என்றால் "ஓம் சக்தி". ஒன்றே ஒன்று. தீட்சை வாங்கி முறைப்படி ஜபிப்பது வேறு, இறைவன் பேரைச் சொல்வது வேறு. பேரைச் சொல்ல யாரிடமும் அனுமதி வேண்டாம். மந்திரம் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் காசு கேட்பவரிடம் இருந்து விலகி இருங்கள்.

மாலை இருந்தால் 108 மணி, அதோடு ஒரு நாயகமணி. நடுவிரலில் தாங்கிப் பெருவிரலால் தள்ள வேண்டும், சுட்டுவிரல் படக் கூடாது. நாயகமணியைத் தாண்டாமல் திருப்பிக்கொள்ள வேண்டும். மாலை இல்லாவிட்டால் கை போதும். பெருவிரல் தவிர்த்த நாலு விரலில் பன்னிரண்டு கணு. வலது கையில் பன்னிரண்டு எண்ணி முடிந்ததும் இடது கையில் ஒரு கணு நகர்த்துங்கள். இடது கை ஒன்பதைத் தொடும்போது 108 ஆகிவிடும். மூன்று விநாடிக்கு ஒரு நாமம் என்றால் ஐந்தரை நிமிடம், நாலு விநாடிக்கு ஒன்று என்றால் ஏழேகால் நிமிடம்.

மூன்று படி உண்டு: பிறர் காதில் விழச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் மட்டும் ஓடுவது மானசம். மானசம்தான் சிறந்தது என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள், அதனால் நேராக அதற்கே போகிறார்கள். பத்து நாமத்துக்குள் மனம் கடன் கணக்குக்குப் போய்விடும். விரல் மட்டும் மணியைத் தள்ளிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாரம் வாய்விட்டு, அடுத்த இரண்டு வாரம் உதட்டோடு, பிறகுதான் உள்ளே. ஓடிப்போன மனத்தைத் திட்டாமல் அடுத்த மணியிலேயே திருப்பிக்கொள்வதுதான் பயிற்சி. நூறு தடவை ஓடினால் நூறு தடவை திருப்பியிருக்கிறீர்கள்.

கொழுந்து எடுக்கும்போது ஜபம் செய்யலாமா என்று பலரும் கேட்பார்கள். இரண்டு கையும் செடியில் இருப்பதால் எண்ணிக்கை வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஒரு நிரை முடிந்து அடுத்த நிரைக்கு நகரும்போது ஒரு நாமம், கூடையை இறக்கும்போது ஒன்று, ஏற்றும்போது ஒன்று என்று கட்டிக்கொள்ளுங்கள். செங்குத்தான மலையில், மழை பெய்து வழுக்கும் இடத்தில், குளவிக்கூடு இருக்கும் மரத்தடியில் மனத்தை உள்ளே இழுக்கக் கூடாது. அந்த நேரத்தில் காலையும் மரத்தையும் கவனிப்பதே சாதனை.

வீட்டில் பெண்களுக்கு ஒரு தடங்கல் வரும். மாதவிலக்கு நாட்களில் விளக்கு ஏற்றாத வழக்கம் உள்ள வீடுகளில் "கணக்கு உடைஞ்சு போச்சு" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். அந்த நாட்களில் மானச ஜபத்துக்கு மாறி, கணக்கைத் தொடருங்கள். வீட்டில் சாவு விழுந்து தீட்டு என்றாலும் அப்படியே. மனத்துக்குப் பிடிமானம் மிக அதிகம் தேவைப்படும் நாட்களில் அதைக் கைவிடச் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

மூச்சு

பிராணாயாமத்தைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. திருமந்திரத்தில் "ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால்" என்று ஒரு பாட்டு. உள்ளே இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. இதைப் படித்துவிட்டு முதல் நாளே விநாடியாக எண்ணிப் பார்க்கிறவர்கள் உண்டு. கூட்டிப் பாருங்கள், ஒரு மூச்சுக்கு 112 விநாடி. தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், நாள் முழுக்க எரிச்சல் பிடிக்கும். அந்த அளவு ஆசானின் கண் பார்வையில் நெடுங்காலம் பழகியவருக்குச் சொன்னது.

தொடங்குபவருக்கு நாடிசுத்தி போதும், நிறுத்துதல் இல்லாமல். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வலது பெருவிரலால் வலது மூக்கை அடைத்து, இடதால் நாலு எண்ணும் வரை இழுக்க வேண்டும். மோதிரவிரலால் இடதை அடைத்து, வலதால் ஆறு எண்ணும் வரை விட வேண்டும். அதே வலதால் நாலு இழுத்து, இடதால் ஆறு விட்டால் ஒரு சுற்று. முதல் வாரம் ஐந்து சுற்று, நாலாம் வாரம் பத்து. ஆறு எண்ணும்போது மூச்சு திணறினால் ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரம் போகட்டும், தேத்தண்ணி குடித்திருந்தால் அரை மணி நேரம்.

எங்கே செய்வது என்பதுதான் மலையகத்தில் பெரிய கேள்வி. விறகு அடுப்பு எரியும் காம்பராவுக்குள் செய்யவே கூடாது. விடியற்காலையில் குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், புகை தலைக்கு மேலே மேகம் மாதிரி நிற்கும். அதை ஆழமாக இழுத்தால் நன்மையா? அடுப்பு மூட்டும் முன் செய்யுங்கள், அல்லது இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கம்பளி போர்த்திக்கொண்டு செய்யுங்கள். நுவரெலியாப் பக்கத்துத் தைக் குளிரில் வெளியே முடியாது என்றால் அன்று மாலைக்குத் தள்ளுங்கள். சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாளில் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பிரஷர், இருதய வருத்தம், கர்ப்பம் இருந்தால் மூச்சை நிறுத்துவதும் கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளும் வேண்டாம். இன்னொன்று, மண்சரிவிலோ விபத்திலோ பயங்கரத்தைக் கண்டு வந்தவர்களில் சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் ஏறும். அப்படி நடந்தால் அது உங்கள் குறை அல்ல. மூச்சை விட்டு ஓதுதலுக்கு வாருங்கள். ரமணரும் "நான் யார்?" உரையில், மூச்சை அடக்குவதால் அடங்கும் மனம் மூச்சு வெளிப்பட்டதும் தானும் வெளிப்பட்டுவிடும் என்றே சொல்கிறார். பிராணாயாமம் ஒரு துணை, அவ்வளவுதான். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், கோபத்தில் கை ஓங்கிவிடும் ஆண்களுக்கும் இந்த ஐந்து நிமிடத் துணை மிகவும் உதவும். கோபம் வந்த பிறகு தொடங்கிப் பலனில்லை. தினமும் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் மூச்சு சொல் கேட்கும்.

விரதம்

கந்தசஷ்டி தீபாவளிக்கு அடுத்து வரும் வளர்பிறையில் ஆறு நாள். தீபாவளி முற்பணம் கையில் வந்து, சாராயமும் ஓடிய கையோடு விரதம் தொடங்குகிறது. ஆறு நாள் தொடாத ஆண்கள் ஏழாம் நாள் திரும்பத் தொடங்குவதை வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறார்கள். ஆறு நாள் முடிந்திருக்கிறதே, அது சின்ன விஷயம் இல்லை. சூரசம்ஹாரத்தன்று முடித்துவிடாமல், அன்று இரவே "அடுத்த ஆறு" என்று மறு சங்கல்பம் எடுங்கள். எட்டு ஆறு சேர்ந்தால் ஒரு மண்டலம். தினமும் நிறையக் குடித்து வந்தவர் ஒரேயடியாக நிறுத்தும்போது கை நடுக்கம், வேர்வை, குழப்பம், வலிப்பு வரலாம். அது ஆபத்து. அப்படிப்பட்டவர் முதலில் வைத்தியரைக் கண்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

சாப்பாட்டை விடுவதில் கீதை தெளிவாக இருக்கிறது. 6ஆம் அத்தியாயம் 16ஆம் சுலோகம்: மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை, அதிகம் உறங்குபவனுக்கும் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை. பட்டினி கிடந்து மலையேறிக் கொழுந்து எடுத்து, மயங்கி விழுவதை எந்தச் சாத்திரமும் கேட்கவில்லை. இரத்தசோகை உள்ள பெண்கள், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் ஒரு நேர உணவு விரதம்கூட வைத்தியரைக் கேட்காமல் பிடிக்க வேண்டாம். அவர்களுக்கு வேறு விரதங்கள் இருக்கின்றன. மாலை ஆறிலிருந்து ஏழு வரை பேசாமல் இருப்பது. இரவு எட்டுக்கு மேல் போனைத் தொடாமல் இருப்பது. ஒரு வாரம் யாரைப் பற்றியும் புறம் பேசாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதைச் செய்து பாருங்கள், பட்டினியைவிடக் கடினம்.

கர்மயோகம்

"கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே." கீதை 2:47ஐ இப்படிச் சுருக்கித் தோட்டத்துக்காரனிடம் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தராசில் நிறுத்த கொழுந்துக்கு உரிய சம்பளத்தைக் கேட்பது பலன் மீதான பற்று ஆகாது. அந்தச் சுலோகம் போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்டவனை எழுந்து நில் என்று சொல்வதற்காக வந்தது. உரிமை கேட்பதும் கடமைக்குள் அடங்கும். பற்று என்பது வேறு: செய்கிற நேரத்தில் மனம் செயலில் இல்லாமல் "கிலோ சேருமா, பேர் (முழு நாள் சம்பளம்) விழுமா, கங்காணி என்ன சொல்வார்" என்று முடிவையே சுற்றிக்கொண்டிருப்பது. அதில் கை தளர்கிறது, பயம் கூடுகிறது, கொழுந்தும் குறைகிறது.

பழகுவது எப்படி? நாள் முழுவதையும் கர்மயோகமாக்கப் பார்க்காதீர்கள், முடியாது. ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள். முதல் நிறுவை வரைக்கும் உள்ள நேரம் மட்டும், அல்லது இரவு பாத்திரம் கழுவும் கால் மணி நேரம் மட்டும். தொடங்கும் முன் ஒரு மூச்சு நின்று "இது உனக்கு" என்று மனத்துக்குள் கொடுத்துவிட்டுத் தொடங்கி, முடிந்ததும் விட்டுவிட வேண்டும். அப்பரின் "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற ஒரே வரியை அந்த நேரத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலைக் கூட்டிக் கழுவுவதும், பூக்கட்டுவதும் சைவத்தில் சரியை, அதாவது உடம்பால் செய்யும் தொண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்றார் தாயுமானவர். அரும்பைத் தாழ்வாக நினைக்க இடமில்லை. தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனிக்கும், தேயிலைச் செடி கத்தரிக்கும் வேலைக்குக் காவலான கவ்வாத்துச்சாமிக்கும் தேங்காய் உடைத்துவிட்டு வேலை தொடங்கிய நம் பாட்டன் பூட்டிகளும் கருவியையும் வேலையையும் இறைவனிடம் ஒப்படைத்துத்தான் தொடங்கினார்கள். அதைத் தத்துவம் இல்லை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை.

விசாரணை

"நான் யார்?" என்று உள்ளே திரும்பும் வழி, மனம் ஓரளவு நிலைத்தவருக்கு. எண்ணம் எழும்போது "இது யாருக்கு எழுந்தது?" என்று கேட்டு, "எனக்கு" என்று வரும் இடத்திலேயே நிற்க வேண்டும். இதை மந்திரம் மாதிரி நூறு தடவை சொல்வது வீண். கணவனை இழந்து இரண்டு மாதமான ஒருத்தியிடம் "உடம்பு நீ இல்லை, எல்லாம் மாயை" என்று சொல்வது கொடுமை. துக்கம் உறைந்துபோகும், கரையாது. அவளுக்குப் பாட்டு வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஓயாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் குணம் உள்ளவர்களுக்கு வேதாந்தத்தைவிடச் சைவ சித்தாந்தம் முதலில் ஆறுதல் தரும். ஆணவம் உயிரில் அனாதியாக ஒட்டிய மலம் (அழுக்கு), தன் முயற்சியால் மட்டும் அது கழலாது, அருள் வந்து கழற்றும் என்பது அதன் நிலை. முக்தியிலும் உயிர் சிவமாகவே மாறிவிடுவதில்லை. தாளும் தலையும் சேர்ந்து "தாடலை" ஆவது போல ஒன்றாய் நிற்கும், இரண்டும் அழியாது. இன்று வழுக்கியதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை என்று ஒரு தத்துவமே சொல்லும்போது மனம் திரும்பவும் எழும்புகிறது.

எதை எடுத்தாலும் கணக்கு வையுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் செய்த நாளுக்கு ஒரு கோடு. ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் தொடர்ந்து விடாதீர்கள். மூன்றாம் நாள் வராது. நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள்: முகம் கழுவிய உடனே, விளக்கு வைத்த உடனே. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை இரண்டே விஷயத்தைப் பாருங்கள். கோபமோ அழுகையோ வந்தால் தணிய எவ்வளவு நேரம் ஆகிறது? படுத்தால் தூக்கம் எப்போது வருகிறது? காட்சி கிடைத்ததா, ஒளி தெரிந்ததா என்று தேட வேண்டாம்.

பதஞ்சலி ஒன்பது தடைகளை அடுக்கும்போது முதலில் வைப்பது நோயை. சோம்பல் அதற்கு நாலு இடம் தள்ளித்தான் வருகிறது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் ஆசையில்லாமல், செத்துவிடலாமா என்ற நினைப்போடு இருந்தால் அதை "பக்திக் குறை" என்று வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். மருந்தும் எடுத்து, பாட்டும் பாடலாம். மருந்தை நிறுத்து என்று சொல்லும் சாமியார் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

49ஆம் நாள் காலையில் கலண்டரை எண்ணுங்கள். நாற்பதுக்கு மேல் கோடு இருந்தால் அதே சாதனையை இன்னொரு மண்டலம் தொடருங்கள். சிவபுராணம் முழுவதும் வந்துவிட்டவர்கள் அதன் முடிவில் ஐந்து நிமிடம் மௌனமாக இருப்பதை மட்டும் சேர்க்கலாம். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் என்றால் வழியை மாற்றாமல் நேரத்தை மாற்றுங்கள், காலையில் வைத்ததை விளக்கு வைக்கும் நேரத்துக்கு நகர்த்துங்கள். இருபதுக்குக் கீழே என்றால் அந்த வழி இப்போதைக்கு உங்கள் நாளுக்குப் பொருந்தவில்லை. ஓதுதலில் தொடங்கியவர் ஜபத்துக்கும், மூச்சில் தொடங்கியவர் ஓதுதலுக்கும் வரலாம். புதுக் கணக்கை அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.